ஒருக்காலும் கடிக்காத நண்டு

என் கணவர் வீட்டில் அதிகம் கதைக்கமாட்டார். கல்யாணம் பேசி வந்தபோதே அவருடைய தாயார் அதை ஒரு நற்குணமாகச் சொன்னார். "அவன் வாய் காட்டாத பிள்ளை" என்றார். தொலைபேசிக் கோபுரங்களில் ஏறி வேலை செய்கிற மனிதர். பகல் முழுக்க உயரத்தில் காற்றோடு இருந்துவிட்டு வருபவர் கீழே வந்து என்னத்தைக் கதைக்கப் போகிறார் என்று நானும் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். நான் கொக்குவிலில் எங்கள் வீட்டு முன்னறையில் சாறிச் சட்டை தைக்கிறேன். அளவு கொடுக்க வருகிற பெண்கள் கதைத்துத் தள்ளுவார்கள். அவர்கள் போனபிறகு மெசின் சத்தம். பின்னேரம் இவர் வந்தால் "தேத்தண்ணி இருக்கோ?" என்பார். இரவு "கதவு பூட்டியாச்சோ?" என்பார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் மட்டும் அவர் வேறு மனிதர்.

கொழும்பில் படித்த காலத்தில் விடுதிப் பொடியன்களோடு பழகிய ஒரு விளையாட்டு அவரிடம் இருந்தது. மேசையைச் சுற்றி இருந்து விளையாடுவது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் நடப்பார்கள். ஒருவன் வாள்வீரன், ஒருவன் கள்ளன், ஒருத்தி மருத்துவச்சி. குகைக்குள் போவார்கள், பாழடைந்த கோட்டைக்குள் போவார்கள், அங்கே பூதங்கள் வரும், சண்டை வரும். அடி பட்டதா இல்லையா என்பதை டைஸ் உருட்டித் தீர்மானிப்பார்கள். எங்கள் சாப்பாட்டு மேசையில் இவர்தான் கதை நடத்துபவர். பூதங்களையும் இவரே உண்டாக்குவார். எங்கள் கடலிலும் குளத்திலும் கிடக்கிற பிராணிகளை எடுத்து, பெருப்பித்து, நாலு கெட்ட குணத்தைச் சேர்த்துவிடுவார்.

விளையாட வருகிறவர்கள் மூன்று பேர். அச்சுவேலியில் இரும்புக் கேற் ஒட்டுகிற வெல்டிங் கடை வைத்திருப்பவர் ஒருவர், அவர்தான் வாள்வீரன். வங்கியில் வேலை செய்கிற என் தம்பி; அவன் கள்ளன். மூன்றாவது, பண்டத்தரிப்பிலிருந்து வருகிற ஒரு பெண். பல் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக இருந்தாள். ஞாயிறு காலை தேவாலயம் போய்விட்டு, மத்தியானம் சாப்பிட்டு, ஸ்கூட்டியில் எங்கள் வீட்டுக்கு வருவாள். அவள்தான் மருத்துவச்சி.

நான் தேத்தண்ணி கொண்டுபோகிற ஆள்.

தட்டோடு போகும்போது இவருடைய குரல் குசினி வரை கேட்கும். ஒரு கிழட்டு அரசனாகக் கதைப்பார். அடுத்த நிமிடம் மூக்கால் கதைக்கிற சுங்கக்காரனாக மாறுவார். கை இரண்டையும் விரித்து, "மழை விடேல்லை. கோட்டை வாசலிலை ஆரோ நிக்கினம்" என்று அவர் சொல்லும்போது எனக்கே மயிர் கூச்செறியும். என்னோடு ஒரு கிழமை முழுக்கக் கதைக்காத சொற்களை அந்த மேசைக்கு ஒரு பின்னேரத்தில் கொடுத்துவிடுவார். நான் குசினியில் நின்று கட்லட் பொரித்தபடி அந்த மேசையைப் பார்த்து எரிந்துகொண்டிருப்பேன். மேசையைப் பார்த்துப் பொறாமைப்படுகிற பெண்ணை யாராவது கண்டிருப்பார்களா தெரியாது. அது என் சீதனத்தில் வந்த மேசை வேறு.

ஒரு ஞாயிறு, ஓநாய்க் கூட்டமொன்று அவர்களை வளைத்துக்கொண்டது. எந்த ஓநாய்க்கு எவ்வளவு காயம், எது யாரைக் கடிக்கிறது என்று இவருக்குத் தடுமாறியது. நான் கோப்பைகளை எடுக்கப் போனேன்.

"இஞ்சை வாரும். இதிலை இரும். உந்த ஓநாயளை நீர் பாரும்" என்றார்.

கை ஈரத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். அன்றிலிருந்து பூதங்கள் என் பொறுப்பு. கதை இவருடையது, சண்டை வந்தால் பூதத்துக்காக டைஸ் உருட்டுவதும், அது யாரை என்ன செய்கிறது என்று சொல்வதும் நான்.

சண்டையின் விதி கஷ்டமானதல்ல. ஒவ்வொருவருக்கும் முறை வரும். தன் முறையில் ஒருவர் கொஞ்சத் தூரம் நகரலாம்; ஒரேயொரு பெரிய காரியம் செய்யலாம். அந்தப் பெரிய காரியத்தை அக்சன் என்பார்கள். வாளால் வெட்டுவது ஒரு அக்சன். காயத்துக்கு மருந்து கட்டுவது ஒரு அக்சன். பூதத்துக்கும் அப்படித்தான். ஆனால் பூதங்களிடம் கடியும் அடியும் தவிர வேறு வித்தைகளும் இருக்கும். பார்வையால் மரக்கட்டையாக்குவது, ஆளை விழுங்குவது, முழங்கிப் பயப்படுத்துவது. பார்க்கிறவர்களுக்கு அந்த வித்தைகள்தான் பூதத்தின் பலம் என்று தோன்றும். ஆனால் வித்தையைக் காட்டினால் அந்த முறையின் அக்சன் அதிலேயே போய்விடும். முழங்கின பூதம் அந்த முறையில் கடிக்க ஏலாது.

இந்தக் கடைசி விதியை இவர் எனக்குச் சொல்லவில்லை. புதுசாக இருப்பவளை ஏன் குழப்ப வேண்டும் என்று விட்டிருக்கிறார். அதனால் நான் என் எருமைக்கடாப் பூதத்தை முழங்கவும் வைத்தேன், அதே முறையில் கொம்பால் குத்தவும் வைத்தேன். ஒன்றிரண்டு சண்டைகள் அப்படியே போயின. என் தம்பியின் கள்ளன் மரத்தில் ஏறி ஒளித்தான். எனக்கு நல்ல சந்தோசம்.

அப்போதுதான் அந்தப் பண்டத்தரிப்புப் பெண் சொன்னாள். அவள் ஆங்கிலம் நன்றாக வாசிப்பாள். விதிப் புத்தகத்தைத் தொலைபேசியில் வைத்திருந்தாள். குரலை உயர்த்தாமல், யாரையும் நோகடிக்காமல்தான் சொன்னாள்.

"அண்ணை, அந்த முழக்கம் ஒரு அக்சன் எல்லோ? முழங்கினால் பேந்து குத்த ஏலாது எண்டு நினைக்கிறன்."

இவர் கொஞ்சம் யோசித்தார். என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்து, "ஓம், நீர் சொல்லுறது சரி" என்றார்.

விதியில் பிழை விட்டதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. 'நீர்' என்ற அந்தச் சொல் மட்டும் காதுக்குள் நின்றுவிட்டது. அவள் வரத் தொடங்கிய காலத்தில் இவர் அவளை 'நீங்கள்' என்றுதான் கூப்பிடுவார். 'நீங்கள் என்ன செய்யிறியள்', 'உங்கடை முறை' என்று. எப்போது அது மாறியது? எங்கள் வீட்டில் 'நீங்கள்' வந்துபோகிறவர்களுக்கு; நெருக்கமான 'நீர்' எனக்குரிய சொல். கல்யாணமான புதிதில் முதல் தடவையாக இவர் என்னை "நீர் சாப்பிட்டீரோ?" என்று கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. அதுவரை எனக்கும் 'நீங்கள்'தான். அந்த 'நீர்' வந்த அன்றுதான் எனக்குக் கல்யாணம் முடிந்த மாதிரி இருந்தது. அதை இவர் இவ்வளவு சுலபமாக ஒரு எருமைக்கடாவின் பேரில் தூக்கி இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டார்.

அன்று அவள் கொண்டுவந்திருந்த கேக்கில் இவர் இரண்டாம் துண்டும் எடுத்தார். வீட்டில் இனிப்புத் தொடாத மனிதர்.

நான் இவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் "என்ன கதை உது?" என்பார். ஆனால் அந்தக் கிழமை முழுக்க, சட்டைகளுக்குக் கொக்கி தைக்கிற நேரத்தில், இவர் எழுதி வைத்திருந்த பூதக் குறிப்புகளை வாசித்தேன். எந்த வித்தைக்கு அக்சன் செலவாகும், எதற்கு ஆகாது என்று படித்தேன். விதி தெரியாதவள் என்று இனி ஒருத்தியும் என்னைத் திருத்தக்கூடாது என்றிருந்தது.

அடுத்து வந்தது உப்பளத்துப் பூதம். பழைய உப்பளமொன்றில் கிடக்கிற பெரிய நண்டு, லொறி அளவு. நல்ல பூதம் அது. இரண்டு கொடுக்கினாலும் ஒரே அக்சனில் இரண்டு பேரைக் கிழிக்கலாம். வாய்க்குள் போட்டு விழுங்கலாம். அதோடு, தண்டின் நுனியில் நிற்கிற கண்களால் ஒருவரைப் பார்த்து அவரை அசையாமல் நிற்க வைக்கலாம். இந்தப் பார்வைக்கு ஒரு முழு அக்சன் செலவு.

என் முதல் முறை வந்தது.

"நண்டு மருத்துவச்சியைப் பாக்குது" என்றேன்.

அவள் தப்புவதற்கு டைஸ் உருட்டினாள். சரிவரவில்லை. மருத்துவச்சி நின்ற இடத்தில் நின்றாள். வெல்டிங் கடைக்காரர் வந்து வெட்டினார். தம்பி பின்பக்கத்தால் குத்தினான். அவள் தன் முறையை மறுபடி உருட்டி விடுபடுவதிலேயே செலவழித்தாள். என் முறை.

"நண்டு மருத்துவச்சியைப் பாக்குது."

இப்படியே போனது. அவள் விடுபட, நான் பார்க்க. அவள் முறை வரும்போதெல்லாம் மற்றவர்கள் தேத்தண்ணி குடித்தார்கள், ஏனென்றால் அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லை. அவள் சும்மா இருந்து டைஸை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்கு இனித்தது. அவள் வாய் திறந்து ஒன்றும் சொல்லாத வரைக்கும் இவரும் அவளோடு கதைக்கத் தேவையில்லை. மற்ற இரண்டு பேரும் என் நண்டை வெட்டி வெட்டிச் சரித்தார்கள். அது விழுந்தபோதுகூட அதன் கண் மருத்துவச்சியிலேயே இருந்தது.

வெல்டிங் கடைக்காரர்தான் முதலில் வாய் திறந்தார்.

"தங்கச்சி, உந்த நண்டு ஒருக்காலும் கடிக்கேல்லையே."

தம்பி சிரித்தான். அவன் என்னைப் பார்த்த பார்வையில் அவனுக்கு ஏதோ விளங்கிவிட்டது என்று தெரிந்தது. சிறு வயதில் அம்மா அவனுக்கு மட்டும் மீன்தலை வைத்தால் நான் அவனுடைய பள்ளிக்கூடக் கொப்பியைக் கிணற்றில் போடுவேன். அவனுக்கு என்னைத் தெரியும்.

அவள் போகும்போது நான் கேற் வரைக்கும் போனேன். தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு, பட்டியை மாட்டாமல் நின்றாள்.

"அக்கா, நான் ஏதும் பிழையாக் கதைச்சனானோ?"

"இல்லைப் பிள்ளை. விளையாட்டுத்தானே. நீர் கவனமாப் போம்."

அவள் பட்டியை மாட்டிக்கொண்டு போனாள். இவர் உள்ளே கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றார். அது நல்ல பழக்கம். ஞாயிற்றுக்கிழமைக் கோப்பைகளை அவரே கழுவுவார். என்னைக் கண்டதும் கதைக்கத் தொடங்கினார். நண்டைப் பற்றி.

"பாரும். அவை மூண்டு பேர். ஒரு சுற்றிலை அவைக்கு மூண்டு அக்சன். உமக்கு ஒண்டுதான். அந்த ஒண்டைக் கொண்டு ஒராளைப் பிடிச்சு வைச்சீரெண்டால், மற்ற ரெண்டு பேரும் சும்மா நிண்டு வெட்டுவினம். அவவைப் பிடிக்கிறதாலை உமக்கு என்ன லாபம்? அவ மருந்து கட்டுறவ. மருந்து கட்டுறதுக்கு அங்கை ஒருத்தருக்கும் காயமே இல்லை."

கோப்பையைத் துடைத்து வைத்தபடி விபரமாக, அன்பாகக்கூட, சொல்லிக்கொண்டே போனார். வித்தை என்பது எப்போதும் விலை கொடுத்து வாங்குவது என்றார். கடி செய்யக்கூடியதைவிட வித்தை அதிகம் செய்தால் மட்டும்தான் அதைக் காட்ட வேண்டும் என்றார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து இவர் ஒரே மூச்சில் என்னோடு இவ்வளவு கதைத்தது அன்றைக்குத்தான். நான் ஏன் அவளை மட்டும் பிடித்தேன் என்பது அவருக்கு ஒரு கணக்குப் பிழையாகவே தெரிந்தது. வேறொரு காரணம் இருக்கலாம் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. எனக்கு இன்னும் கோபம் வந்தது.

ஆனால் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு என் பூதங்கள் கெட்ட பூதங்களாக மாறின. முழங்குவதை விட்டேன். வீணாக ஒருவரையும் முறைப்பதை விட்டேன். கிட்ட நின்றவரைக் கடித்தேன். காயப்பட்டவரை மறுபடி கடித்தேன். ஒருமுறை வெல்டிங் கடைக்காரர் தன் வாள்வீரன் சாகக் கிடந்தபோது, "தங்கச்சி, நாங்கள் உங்கடை வீட்டிலை தேத்தண்ணி குடிக்கிற ஆக்கள்" என்று கெஞ்சினார். நான் டைஸை உருட்டினேன். மேசையில் இருந்தவர்கள் என் முறை வந்தால் நிமிர்ந்து இருக்கத் தொடங்கினார்கள். இவரும் என் முறையில் என்னைத்தான் பார்ப்பார். அந்த நேரங்களில் நெஞ்சு குளிரும். பிறகு அவளுடைய முறை வரும், இவர் அவள் பக்கம் திரும்பி "நீர் என்ன செய்யப் போறீர்?" என்பார். குளிர்ந்தது மறுபடி கொதிக்கும்.

அவள் இவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டாள். அதை நான் யோசிக்காமல் இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் அண்ணை என்று கூப்பிடப்படாத ஆண் யார்? பஸ்ஸில் காசு வாங்குகிறவரும் அண்ணை, மீன்காரரும் அண்ணை. அந்தச் சொல் எனக்கு ஒரு பாதுகாப்பும் தரவில்லை.

மாரிமழை முடிந்த பிறகு ஒரு ஞாயிறு, குளத்து முதலை வந்தது. அதன் மேலிருந்து ஒரு நாற்றம் வீசும். கிட்ட வருகிறவர்களின் பலம் தானாகக் குறையும். அதற்கு அக்சன் தேவையில்லை, முதலை அங்கே கிடந்தாலே போதும். பெரிய பூதம் என்பதால் மற்றவர்களின் முறை முடிகிற நேரத்தில் வாலால் ஒரு அடி அடிக்கவும் அதற்கு அனுமதி இருந்தது. அதுவும் அக்சனைத் தின்னாது. அதன் வித்தைகளில் அக்சனைத் தின்பது ஒன்றே ஒன்றுதான்: ஆளைக் கவ்வித் தண்ணீருக்கடியில் இழுத்துப்போவது. அது சரிவந்தால் ஆள் முடிந்தார். சரிவராவிட்டால் முதலை அந்த முறையை இழந்து வெட்டு வாங்கும்.

நான் அதை வைத்துக்கொண்டு பொறுத்திருந்தேன். வாலால் அடித்தேன், கடித்தேன். தம்பியின் கள்ளன் விழுந்தான். அவனைக் காப்பாற்ற மருத்துவச்சி கரைக்கு இறங்கி வரத்தான் வேண்டும். வந்தாள். நாற்றத்துக்குள் நின்றாள். அவளுடைய பலம் குறைந்தது. மருந்து கட்டினாள், அவளுடைய அக்சன் அதில் போய்விட்டது. வாலடி ஒன்று விழுந்தது. பிறகு என் முறை.

"முதலை மருத்துவச்சியை இழுக்குது" என்றேன்.

இந்தமுறை நான் செய்தது பிழையே இல்லை. அந்த இடத்தில் யார் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். இவரும் தலையாட்டினார். "கெட்டிக்காரத்தனமான வேலை" என்று மெதுவாகச் சொன்னார். அவள் உருட்டினாள். தவறிப்போனது. மறுபடி உருட்டினாள். மருத்துவச்சி திரும்பி வரவில்லை.

அவள் அழுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சத்தமில்லாமல் கண்ணீர் வந்தது. "விசர் மாதிரி இருக்கு, கணக்கெடுக்காதேங்கோ" என்று சிரித்துக்கொண்டே துடைத்தாள். ஒரு வருசத்துக்கு மேலாக அந்த மருத்துவச்சியை அவள் வைத்திருந்தாள். கையால் அவளுடைய படமும் கீறியிருந்தாள்: பச்சைச் சேலை, தோளில் ஒரு பை. நான் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். மனதில் ஒரு திருப்தி இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். பின்னேர ரயில் எங்கள் மதிலுக்குப் பின்னால் போய் முடிகிற நேரம் வரைக்கும் இருந்தது.

ரயில் சத்தம் ஓய்ந்ததும் இவர் சொன்னார்.

"கவலைப்படாதையும். புதுசா ஒராளைச் செய்வம். நான் ஃபோன் எடுக்கிறன்."

எடுத்தார். அடுத்த நாள் எடுத்தார். அதற்கடுத்த நாள் அவள் எடுத்தாள். வேலையால் வந்து குளித்துவிட்டு விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு புதுப் பாத்திரத்தைப் பற்றிக் கதைத்தார்கள். இந்தமுறை சூனியக்காரியாம். எந்த ஊர், தாய் தகப்பன் யார், என்னத்துக்குப் பயப்படுவாள், யாரைத் தேடி வந்தாள். "அப்ப அவவுக்கு ஒரு தங்கச்சி இருந்திருக்கோணும், என்ன நினைக்கிறீர்?" என்று இவர் கேட்பது முன்னறைக்குக் கேட்டது. நான் ஒரு கல்யாணச் சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். இடது கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். பிரிக்க வேண்டியதாயிற்று. பிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் விளங்கியது: இதை நானே செய்து கொடுத்திருக்கிறேன். நான் அவளைக் கொல்லாமல் விட்டிருந்தால் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கிடைத்திருக்கும். இப்போது திங்கள், செவ்வாய், புதன் எல்லாம் அவளுடையது.

அன்று இரவு புட்டும் மீன் குழம்பும். இவர் சாப்பிட இருந்தார். நான் எதிரே இருந்து, புட்டைப் பிசையாமல் சொன்னேன்.

"எனக்கு எரிச்சலாக் கிடக்கு."

"என்னத்துக்கு? வயித்துக்கையோ?"

"நீங்கள் அவவோடை கதைக்கிறது."

இவர் கையை எடுத்தார். "ஆரோடை?"

நான் அவருடைய புட்டில் குழம்பை ஊற்றினேன். கொஞ்சம் பொறுத்துத்தான் அவருக்கு விளங்கியது. முகம் சிவந்தது.

"அவ என்னை அண்ணை எண்டெல்லோ கூப்பிடுறவ."

"பஸ் கொண்டக்டரையும் அண்ணை எண்டுதான் கூப்பிடுவா. நீங்கள் அவவை என்னெண்டு கூப்பிடுறியள் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"என்னெண்டு?"

"நீர் எண்டு."

இவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"நீரும் அவவை நீர் எண்டுதானே சொல்லுறீர்?" என்றார்.

"அது வேறை."

எப்படி வேறு என்று அவர் கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது. அவர் கேட்கவில்லை. புட்டுத் தட்டை ஒருபக்கம் நகர்த்தினார். கோபுரத்தில் எதையோ முறுக்கும்போது கதைப்பதுபோல, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"எனக்கு உம்மோடை என்ன கதைக்கிறதெண்டு தெரியிறேல்லை. அங்கை எண்டால் ஒராள் ஒண்டு செய்வார், நான் அதுக்கு ஒண்டு சொல்லுவன். அது எனக்கு வரும். இஞ்சை வந்தால், நீர் களைச்சுப்போய் இருப்பீர். நான் ஏதும் தொடங்கினால் பிழைச்சுப்போமோ எண்டு இருக்கும்."

பிறகு, "விளையாட்டை விடட்டோ?" என்றார்.

ஓம் என்று சொல்லத்தான் நினைத்தேன். சொல்லியிருந்தால் அவர் விட்டிருப்பார். அந்த மனிதர் அப்படிப்பட்டவர்தான். ஆனால் வாயில் வந்தது வேறு.

"விட்டால் என்ரை பூதங்களை என்ன செய்யிறது?"

இவர் சிரிக்கவில்லை. "ஓம், அதுவும் இருக்கு" என்றார். புட்டைச் சாப்பிட்டார்.

அடுத்த ஞாயிறு இவர் எடுத்த முயற்சியைச் சொன்னால் சிரிப்பீர்கள். சூனியக்காரியின் முதல் முறை வந்தது. இவர் அவள் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமி, "நீங்கள்… நீங்கள் இப்ப என்ன செய்யப் போறியள்?" என்றார். அரசாங்கக் கச்சேரியில் அதிகாரியிடம் கேட்பதுபோல இருந்தது.

"என்ன அண்ணை, திடீரெண்டு இவ்வளவு மரியாதை?" என்றாள் அவள்.

தம்பி வாயைப் பொத்திக்கொண்டான். வெல்டிங் கடைக்காரர் ஒன்றும் விளங்காமல் ரோல்ஸ் ஒன்றை எடுத்தார். இவர் என்னைப் பார்த்தார். அந்த ஒரு பார்வை போதுமாக இருந்தது. அவள் இவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு தன் டைஸைப் பார்த்தாள். அன்று முழுக்க அதிகம் கதைக்கவில்லை. என் பூதம் யாரைக் கடித்தது என்று இப்போது எனக்கு நினைவில்லை. மேசைக்குக் கீழே போய் இருக்கலாம்போல இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

இரண்டு நாள் கழித்து அவள் தனியாக வந்தாள், வேலை முடிந்த கையோடு. கையில் சாறியொன்றும் சட்டைத்துணியும். தோழியின் கல்யாணத்துக்காம். நான் அளவு நாடாவை எடுத்தேன். தோளை அளந்தேன், கையை அளந்தேன். முதுகைக் காட்டி நிற்கும்போது கேட்டாள்.

"அக்கா, நான் வராமல் விடட்டோ?"

இவளும் இதை என்னிடமே கேட்கிறாள். புட்டுத் தட்டுக்கு முன்னால் இருந்து இவர் ஒருமுறை, இப்போது இவள் ஒருமுறை; எல்லாரும் என்னிடம்தான் அனுமதி கேட்கிறார்கள், நான் ஓம் என்றால் எல்லாம் நிற்கும். அவளுடைய முதுகு ஒடுக்கமானது. எலும்பு தெரிந்தது. வயதும் என்னைவிட நாலைந்து குறைவு. கூந்தலைக் கையால் முன்னுக்கு எடுத்துப் பிடித்துக்கொண்டு, நாடாவுக்காக நிமிர்ந்து நின்றாள். பண்டத்தரிப்பில் தாயும் தகப்பனும் தானுமாக இருக்கிற வீடு. நாள் முழுக்க ஆட்களின் வாய்க்குள் விளக்குப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமையை அவளும் என் கணவரைப்போலத்தான் காத்திருப்பாள் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்ததால் எரிச்சல் குறைந்துவிடவில்லை.

"பிள்ளை, கையைத் தூக்கும்" என்றேன். மார்பளவு எடுத்தேன். எழுதினேன். பிறகுதான் சொன்னேன். "நீர் வராட்டி அவை ரெண்டு பேர்தான். என்ரை பூதம் வந்து நிக்க முன்னமே ஓடிப்போவினம்."

"என்னைத்தான் கூடக் கடிக்கப் போறியளோ?"

"கிட்ட நிண்டால் கடிப்பன்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "சரி அக்கா" என்றாள். சட்டையின் பின்கழுத்தை எவ்வளவு இறக்க வேண்டும் என்று அதற்குப் பிறகு கதைத்தோம். அவளுக்கு இறக்கமாக வேண்டும், ஆனால் தாய் ஏசுவாரோ என்ற பயம். நான் நடுவில் ஒரு அளவு சொன்னேன்.

அவள் வருகிறாள். சூனியக்காரி நல்ல பலமான ஆளாக வளர்ந்துவிட்டாள். இவர் சில கிழமைகள் 'நீங்கள்' என்று கஷ்டப்பட்டார். பிறகு ஒரு சண்டையின் சூட்டில் 'நீர்' வந்துவிட்டது. வந்தது அவருக்குத் தெரியாது. எனக்கு ஒவ்வொரு தடவையும் தெரியும். மேசைக்குக் கீழே என் கால்விரல்கள் மடங்கும். சில நாள் அந்தக் கோபத்தில் என் பூதம் அவள்மேல் ஒரு வித்தையை வீணாகக் காட்டிவிடும். வெல்டிங் கடைக்காரர் வந்து அதை வெட்டிவிடுவார்.

ஆனால் வேறொன்றும் நடக்கிறது. வேலையால் வந்த பின்னேரங்களில் இவர் ஒரு ஸ்டூலை இழுத்துக்கொண்டு என் மெசினுக்குப் பக்கத்தில் வந்து இருக்கிறார். புதுப் பூதமொன்றைச் செய்கிறார். "ஒரு திருக்கை. வாலிலை முள். முள்ளை எறிஞ்சால் அதுக்கு ஒரு அக்சன் வைக்கட்டோ, இல்லாட்டிச் சும்மா விடட்டோ?" என்று கேட்கிறார். நான் தைத்தபடி, "சும்மா விட்டால் அவையள் ரெண்டு சுற்றிலை செத்துப்போவினம்" என்பேன். "அப்ப உமக்கு நல்லதுதானே" என்பார். "எனக்கு நல்லது, விளையாட்டுக்குக் கூடாது" என்பேன். அவர் ஒத்துக்கொள்ளமாட்டார். இருவரும் வாதாடுவோம். ஒருநாள் அடுப்பில் சோறு அடிப்பிடித்துவிட்டது.

அந்தத் திருக்கையைப் பற்றி அவர் அவளிடமும் கேட்டிருந்தார் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. அவளும் நான் சொன்னதைத்தான் சொன்னாளாம். இதை இவர் சந்தோசமாக வந்து சொன்னார், இரண்டு பேரும் ஒரே மாதிரி யோசிக்கிறீர்கள் என்று. நான் மெசினை நிறுத்தினேன்.

"முதல்லை ஆரிட்டைக் கேட்டனீங்கள்?"

"உம்மட்டைத்தான்" என்றார்.

நம்பினேனா என்று தெரியவில்லை. மறுபடி மெசினை ஓடவிட்டேன்.